கடலோர ஊரின் சிறிய சமூகக் கலைக்கூடத்துக்குச் செல்வோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கடலோர ஊர்களில், பெரிய அருங்காட்சியகங்களின் ஆரவாரம் எதுவும் இல்லாமல், இரண்டு மூன்று அறைகளுக்குள் இயங்கும் கலைக்கூடங்கள் உண்டு. ஒரு காலத்தில் வலைகளும் படகுப் பாய்களும் அடுக்கி வைத்திருந்த கிடங்கிலோ, மாணவர் வரத்து குறைந்து மூடப்பட்ட பள்ளியிலோ அவை இடம்பிடித்திருக்கும். அந்த ஊர்க் கலைஞர்களும், தங்கள் ஓய்வு நேரத்தைத் தரும் தன்னார்வலர்களும் சேர்ந்து அவற்றை நடத்துவார்கள். கடல் பார்க்க வந்தவர்களில் பலர் இத்தகைய இடத்தின் வாசலில் சற்று நின்று, உள்ளே போகலாமா கூடாதா என்று தெரியாமல் நடையைக் கட்டிவிடுகிறார்கள். அவர்கள் கேட்கும் கேள்விகளுக்கும், கேட்கத் தயங்கும் கேள்விகளுக்கும் இங்கே விடை எழுதியிருக்கிறேன். இத்தகைய இடங்களின் விதிகள் பலவும் கடற்காற்றின் காரணமாகவே ஏற்பட்டவை. அது தெரிந்துவிட்டால் அவற்றில் எதுவும் கெடுபிடியாகத் தோன்றாது.

சமூகக் கலைக்கூடம் என்பது அருங்காட்சியகத்திலிருந்தும் விற்பனைக் கூடத்திலிருந்தும் எவ்வாறு வேறுபடுகிறது?

அருங்காட்சியகம் பழையவற்றைச் சேகரித்துக் காக்கிறது. விற்பனைக் கூடம் தான் தேர்ந்தெடுத்த சில கலைஞர்களின் படைப்புகளை வாங்குவோரிடம் சேர்க்கிறது. சமூகக் கலைக்கூடத்தில் செய்வது, கற்பது, காட்டுவது ஆகிய மூன்றும் ஒரே கூரையின் கீழ் நடக்கின்றன. முன்னறையில் கண்காட்சி இருக்கும்போது பின்னறையில் யாரோ ஒருவர் களிமண் பிசைந்துகொண்டிருப்பார். சுவரில் படம் மாட்டியவரே அன்றைக்கு மேசையில் அமர்ந்து வருவோரை வரவேற்கும் முறைக்காரராகவும் இருப்பார்.

இவ்வாறு தொடங்கிய இடங்கள் சில கலை வரலாற்றில் நிலைத்துவிட்டன. டென்மார்க்கின் வடகோடியில் உள்ள ஸ்காகன் என்னும் மீனவ ஊருக்கு 1870களிலிருந்து ஓவியர்கள் வரத் தொடங்கினார்கள். அவர்கள் கூடிய விடுதியின் உணவறையில்தான் 1908ஆம் ஆண்டு அவ்வூர் அருங்காட்சியகம் நிறுவப்பட்டது. இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில் உள்ள செயின்ட் ஐவ்ஸ் ஊரில், மீன் பதப்படுத்திய நிலவறைகளுக்கு மேலேயும் பாய் தைத்த மாடிகளிலும் ஓவியக்கூடங்கள் அமைந்தன. சென்னைக்குத் தெற்கே ஈஞ்சம்பாக்கத்தில் ஓவியர் கே. சி. எஸ். பணிக்கரின் வழிகாட்டுதலில் 1966ஆம் ஆண்டு உருவான சோழமண்டலம் ஓவியர் கிராமத்தின் கதை இன்னும் அழுத்தமானது. அரசு உதவிக்கோ செல்வந்தர் ஒருவரின் கொடைக்கோ காத்திராமல், மெழுகிட்டுச் சாயமேற்றும் பத்திக் துணிகள் முதலான கைவினைப் பொருள்களைச் செய்து விற்ற பணத்தில் கலைஞர்களே கடலோர நிலத்தை வாங்கினார்கள். ஒரு சிறிய கலைக்கூடத்தின் நுழைவாயிலருகே துணிப்பைகளும் வாழ்த்து அட்டைகளும் விற்பனைக்கு வைக்கப்பட்டிருப்பதைக் கண்டு, இது கலைக்கூடமா கடையா என்று சிலர் முகம் சுளிக்கிறார்கள். அந்த மேசைதான் பல இடங்களில் மின்கட்டணத்தைக் கட்டுகிறது என்பதை அவர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும்.

எனக்குக் கலை பற்றி எதுவும் தெரியாது. நான் வரலாமா?

தாராளமாக வரலாம். இது ஒப்புக்குச் சொல்வது அன்று. செயின்ட் ஐவ்ஸ் ஊரில் ஆல்ஃபிரட் வாலிஸ் என்றொரு முதியவர் இருந்தார். இளமையில் கடலில் உழைத்தவர். பின்னர்ப் பழைய இரும்பும் கயிறும் வாங்கி விற்றவர். மனைவி 1922இல் இறந்தபின், ஏறத்தாழ எழுபதாவது வயதில், தனிமைக்குத் துணையாக ஓவியம் வரையத் தொடங்கினார். கையில் கிடைத்த அட்டைத் துண்டுகளில், படகுக்கும் வீட்டுக்கும் பூசும் வண்ணத்தைக் கொண்டே வரைந்தார். அட்டை எந்தக் கோணல் வடிவில் இருந்ததோ அந்த வடிவத்திற்கு ஏற்பக் கப்பலையும் கரையையும் அமைத்தார். 1928இல் பென் நிக்கல்சன், கிறிஸ்டோபர் வுட் என்ற இரண்டு ஓவியர்கள் அவர் வீட்டு வாசலைக் கடந்தபோது திறந்த கதவு வழியே அந்தப் படங்களைப் பார்த்து வியந்தார்கள். முறையாகப் பயின்ற அவ்விருவரும், பயிலாத அந்த முதியவரிடமிருந்து கற்றுக்கொண்டார்கள்.

சிறிய கலைக்கூடங்களுக்கு வருவோரில் கடலோடு பழகியவர்கள், மரவேலை தெரிந்தவர்கள், துணி நெய்பவர்கள் ஆகியோர் படைப்புகளில் காணும் நுட்பங்களைக் கலை விமரிசகர்கள் கவனிக்காமல் போவதுண்டு. படகின் அணியம் (முன்முனை) இப்படியா நிற்கும் என்று கேட்கும் ஒருவருடைய பார்வை மதிப்புள்ள பார்வை. உங்களுக்குத் தெரிந்த ஒன்றைக் கொண்டு பார்க்கத் தொடங்குங்கள்; மற்றவை தாமாகத் தொடரும்.

எந்த நேரத்தில், எந்தப் பருவத்தில் வருவது நல்லது?

முதலில் தொலைபேசியில் கேட்டுவிட்டுப் புறப்படுங்கள். தன்னார்வலர்களால் நடத்தப்படும் இடத்தில் ஒருவருக்குக் காய்ச்சல் வந்தாலும் கதவு திறக்காது. புயல் எச்சரிக்கை உள்ள நாள்களில் படங்களைச் சுவரிலிருந்து இறக்கிப் பாதுகாப்பான அறைக்கு மாற்றுவார்கள். ஒரு கண்காட்சி முடிந்து அடுத்தது தொடங்கும் இடைவெளியில் சில நாள்கள் பூட்டியே இருக்கும். ஆணித் துளைகளை அடைத்து, சுவருக்கு வெள்ளையடித்து, புதிய படங்களை மாட்ட அந்த நாள்கள் வேண்டும்.

பருவத்தைப் பொறுத்தவரை என் பரிந்துரை வெளிப்படையானது: சுற்றுலாக் கூட்டம் இல்லாத மாதங்களில் வாருங்கள். கூட்டம் மிகுந்த நாள்களில் கலைக்கூடத்தினர் வாசலைக் கவனிப்பதிலேயே நாளைக் கழிக்கிறார்கள். கூட்டமற்ற நாளில் வருபவருக்கு, சுவரில் இடமின்றி உள்ளே அடுக்கி வைத்திருக்கும் படங்களையும் எடுத்துக் காட்டுவார்கள்.

நுழைவுக் கட்டணம் உண்டா?

பெரும்பாலான இடங்களில் இல்லை. நன்கொடைப் பெட்டி இருக்கும். அதில் இட்டே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

உள்ளே ஏன் இவ்வளவு இருட்டாக இருக்கிறது? கடல் தெரியும் சன்னல்களை ஏன் மூடி வைத்திருக்கிறார்கள்?

இது மிக அதிகமாகக் கேட்கப்படும் கேள்வி. விரிவான விடைக்கு உரியதும் இதுவே.

நடுப்பகல் வெயிலில் நிலத்தில் விழும் ஒளி ஏறத்தாழ 1,00,000 லக்ஸ் (ஒளியை அளக்கும் அலகு) அளவினது. நீர்வண்ண ஓவியம், துணி, அச்சோவியம் போன்ற மென்மையான படைப்புகளுக்கு அருங்காட்சியக வழக்கப்படி பரிந்துரைக்கப்படும் அளவு 50 லக்ஸ் மட்டுமே. எண்ணெய் வண்ண ஓவியங்களுக்கு ஏறத்தாழ 200 லக்ஸ். ஒளியால் மங்கிய வண்ணத்தை மீண்டும் பழைய நிலைக்குக் கொண்டுவர வழியில்லை. இன்று பட்ட ஒளியும் நாளை படும் ஒளியும் கூடிக்கொண்டே போகும். ஆகவே, மணற்பரப்பிலிருந்து நேரே உள்ளே நுழைபவருக்கு அறை இருண்டிருப்பதாகத் தோன்றுவது இயல்பு. நுழைவாயிலில் சில நிமிடங்கள் நின்று கண்ணைப் பழக விடுங்கள். அறையில் போதிய வெளிச்சம் இருப்பது தெரியவரும்.

ஒளியைவிட நுட்பமான பகை உப்பு. அலை உடையும்போது தெறிக்கும் நுண்துளிகள் காற்றில் மிதந்து, நீர் ஆவியானபின் உப்புத் துகள்களாகச் சுவரிலும் சட்டகத்திலும் சிற்பத்திலும் படிகின்றன. காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 விழுக்காட்டைத் தாண்டியதும் அந்த உப்பு காற்றிலுள்ள நீரை ஈர்த்துக் கரைந்து, கண்ணுக்குத் தெரியாத உப்புநீர்ப் படலமாக மாறுகிறது. பகலில் உலர்ந்து, இரவில் மீண்டும் கரைகிறது. கடலோர வீடுகளில் கதவுக் கீல்கள் எவ்வளவு விரைவாகத் துருப்பிடிக்கின்றன என்பதை அறிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இரும்பு துருப்பிடிக்கிறது, வெண்கலச் சிற்பத்தில் உப்பிலுள்ள குளோரைடு புகுந்து வெளிர்பச்சைத் தூளாக உதிரச் செய்கிறது. ஈரம் 65, 70 விழுக்காட்டுக்கு மேல் நீடித்தால் தாளிலும் கித்தானின் பின்புறத்திலும் பூஞ்சை பிடிக்கிறது.

இதற்கெல்லாம் பெரிய நிறுவனங்கள் குளிரூட்டிகளும் ஈரம் நீக்கும் கருவிகளும் வைத்திருக்கின்றன. சிறிய கலைக்கூடத்தினர் கைப்பக்குவத்தால் சமாளிக்கிறார்கள். சட்டகத்தை மெல்லப் பக்கவாட்டிலிருந்து பாருங்கள்: அதன் கீழ் மூலைகளில், சுவருக்கும் சட்டகத்துக்கும் நடுவே, சிறிய தக்கைத் துண்டுகள் ஒட்டப்பட்டிருக்கும். ஓதம் ஏறும் சுவரோடு படம் ஒட்டிக்கொள்ளாமல் பின்னால் காற்று ஓடுவதற்காக அந்த ஏற்பாடு. கண்ணாடியிட்ட படங்களில், தாள் கண்ணாடியைத் தொடாதபடி நடுவே தடித்த அட்டை விளிம்பு வைத்திருப்பார்கள். தொட்டால் கண்ணாடியில் கோக்கும் ஈரம் தாளுக்கு இறங்கிவிடும். கடலை நோக்கிய சுவரைப் பெரும்பாலும் வெறுமையாக விட்டுவிடுவார்கள். அந்தச் சுவரில் படம் இல்லையே என்று வருந்தாதீர்கள். அந்த ஊரின் காற்றை அறிந்தவர்கள் எடுத்த முடிவு அது.

கடலிடமே தம் படைப்பை ஒப்படைத்துவிட்ட கலைஞர்களும் உண்டு. இங்கிலாந்தின் கிராஸ்பி கடற்கரையில் சிற்பி ஆன்டனி கோர்ம்லி 2005இல் நிறுவிய 100 வார்ப்பிரும்பு மனித உருவங்கள் நாள்தோறும் கடல் ஏற்றத்தில் மூழ்கி எழுகின்றன; துருவும், பாறையில் ஒட்டி வாழும் கொட்டலசு என்னும் சிறு கடலுயிரிகளும் அவற்றின் மேல் படர்வது அந்தப் படைப்பின் ஒரு பகுதியாகவே கொள்ளப்படுகிறது. ஆனால் அது கலைஞரின் தெரிவு. அறைக்குள் இருக்கும் நீர்வண்ண ஓவியத்துக்கு அந்தத் தெரிவைப் பார்வையாளர் செய்ய முடியாது.

கடலில் குளித்துவிட்டு நேரே வரலாமா?

ஈரம் உலர்ந்தபின் வாருங்கள். சொட்டும் உடையும் ஈரத் துண்டும் சிறிய அறையின் ஈரப்பதத்தை விரைவில் உயர்த்திவிடும். காலில் ஒட்டிய மணலைப் பற்றியும் சொல்ல வேண்டும்: மணல் பெரும்பாலும் குவார்ட்ஸ் என்னும் கடினமான கனிமத்தால் ஆனது, மரத்தரையைத் தேய்த்துக் கீறும், களிமண் பட்டறைக்குள் போனால் பிசைந்த மண்ணோடு கலந்து வேலையைக் கெடுக்கும். வாசலில் தண்ணீர்க் குழாயோ கால்மிதியோ இருக்கும்; பயன்படுத்துங்கள். குடை, முதுகுப்பை ஆகியவற்றை மேசையருகே வைத்துவிடுவது நல்லது. குறுகிய அறைகளில் முதுகுப்பையோடு திரும்புகிறவர் தமக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பதை அறியமாட்டார்.

படைப்புகளைத் தொடலாமா?

தொடலாம் என்று எழுதியிருந்தாலொழியத் தொட வேண்டாம். சுத்தமான கையிலும் வியர்வையின் உப்பும் எண்ணெய்ப் பசையும் உண்டு. மெருகூட்டிய உலோகத்தில் பதிந்த விரல்தடம் சில மாதங்களில் அரிப்பாக மாறி நிலைத்துவிடும். ஆனால் சமூகக் கலைக்கூடங்களுக்கே உரிய வாய்ப்பு ஒன்று உண்டு: கேட்டால் பெரும்பாலும் எதையாவது தொட்டுப் பார்க்கத் தருவார்கள். மெருகிடாத மட்பாண்டத் துண்டு, அச்செடுத்து முடித்த மரக்கட்டை, நூல் மாதிரி ஆகியவை மேசையின் கீழே எப்போதும் இருக்கும். பார்வைக் குறைபாடு உள்ளவர்கள் தங்கள் வருகையை முன்கூட்டியே தெரிவித்தால், தொட்டு அறியத்தக்க படைப்புகளை எடுத்து வைப்பார்கள்.

புகைப்படம் எடுக்கலாமா?

கேட்டுவிட்டு எடுங்கள். கேமராவின் மின்னொளியால் ஓவியம் உடனே கெட்டுவிடும் என்ற அச்சம் மிகைப்படுத்தப்பட்டது; ஒரு நாள் முழுதும் சன்னல் வழியே விழும் ஒளியோடு ஒப்பிட்டால் ஒரு மின்னொளியின் பங்கு மிகச் சிறியது. தடைக்கு வேறு காரணங்கள் உண்டு. ஒன்று, அருகில் பார்த்துக்கொண்டிருப்பவரின் கவனம் சிதறுகிறது. மற்றொன்று பதிப்புரிமை. பெர்ன் உடன்படிக்கையில் சேர்ந்த நாடுகளில், எந்தப் பதிவும் செய்யாமலேயே படைப்பின் உரிமை படைப்பாளிக்கு உரியது. சமூக ஊடகத்தில் வெளியிடுவதாக இருந்தால் கலைஞரின் பெயரைத் தவறாமல் குறிப்பிடுங்கள். படத்தின் ஓரத்தை வெட்டிச் சதுரமாக்கி வெளியிடாதீர்கள். ஓவியர் எங்கே முடித்தாரோ அங்கேதான் அந்தப் படம் முடிகிறது. வேலை செய்துகொண்டிருக்கும் மனிதரைப் படம் எடுப்பதற்குத் தனியே அனுமதி கேட்பது அவசியம்.

இரண்டு அறைகளைப் பார்க்க எவ்வளவு நேரம் வேண்டும்?

சுற்றிவரப் பத்து நிமிடங்கள் போதும். பார்க்க ஒரு மணி நேரம் வேண்டும். முதலில் எதையும் படிக்காமல் ஒரு சுற்று வாருங்கள். உங்களை நிறுத்திய ஒரு படைப்பிடம் மட்டும் திரும்பிப் போய் நில்லுங்கள். முதல் நிமிடத்தில் அது எதைக் காட்டுகிறது என்பது தெரியும். அடுத்தடுத்த நிமிடங்களில்தான் அது எவ்வாறு செய்யப்பட்டது என்பது தெரியவரும். வானம் ஒரே பூச்சா, பல பூச்சுகளா? வெண்மையான அலை பூசப்பட்ட வெள்ளையா, வண்ணம் பூசாமல் விடப்பட்ட தாளின் வெண்மையா? நீர்வண்ண ஓவியத்தில் பெரும்பாலும் இரண்டாவதாகவே இருக்கும். அலையை வரையாமலே அலையைக் காட்டியிருக்கிறார் என்பதை உணரும்போது ஏற்படும் மகிழ்ச்சிக்கு ஈடில்லை.

அதன்பின் பெயரட்டையைப் படியுங்கள். கலைஞரின் பெயர், தலைப்பு, ஆண்டு, ஊடகம், அளவு என்ற வரிசையில் பெரும்பாலும் இருக்கும். அளவில் உயரம் முதலிலும் அகலம் அடுத்தும் எழுதப்படும்.

எல்லாமே கடலும் படகுமாக இருக்கின்றனவே? இவை சுற்றுலாப் பயணிகளுக்கான படங்கள்தாமா?

சில அப்படிப்பட்டவைதாம், அதில் குற்றம் ஒன்றும் இல்லை. ஆனால் அவசரப்பட்டு முடிவுகட்டாதீர்கள். ஸ்காகன் ஓவியர்களில் அந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவர் அன்னா ஆங்கர். மற்றவர்கள் கடற்கரையை வரைந்துகொண்டிருக்க, வீட்டுச் சுவரில் வந்து விழும் வெயிலைத் தம் முதன்மைப் பொருளாக அவர் வரைந்தார். கடலோரத்தின் ஒளி என்பது கடலில் மட்டும் இருப்பதன்று என்பதை அவருடைய படங்களில் காணலாம்.

கலைஞர்கள் ஓர் ஊரில் கூடி வாழ்வதால் புதிய முறைகளே பிறப்பதும் உண்டு. அமெரிக்காவின் கேப் காட் முனையில் உள்ள பிராவின்ஸ்டவுன் ஊரில், 1910களின் நடுவில், அச்சோவியர்கள் ஒவ்வொரு வண்ணத்துக்கும் ஒரு மரக்கட்டை என்ற பழைய முறையை விட்டு, எல்லா வண்ணங்களையும் ஒரே கட்டையில் பூசி அச்சிடும் வழியைக் கண்டார்கள். வண்ணங்களைப் பிரிக்கச் செதுக்கிய பள்ளம் தாளில் வெள்ளைக் கோடாக நின்றது. அந்தக் கோடே அவ்வூர் அச்சோவியத்தின் அடையாளமாயிற்று. நீங்கள் செல்லும் ஊரிலும் அப்படி ஏதேனும் ஒரு பொதுச் சாயல் இருக்கக்கூடும். ஐந்தாறு பேருடைய படைப்புகளில் ஒரே விதமான நீலமோ, ஒரே மாதிரியான தொடுவான உயரமோ தென்பட்டால், அதைப் பற்றி மேசையில் இருப்பவரிடம் கேளுங்கள். நல்ல உரையாடல் ஒன்று தொடங்கும்.

கலைஞரிடம் என்ன பேசுவது?

இதன் பொருள் என்ன என்று முதலிலேயே கேட்டால் பலர் திணறுவார்கள். தெரியாததால் அன்று, சொல்லில் அடங்காததைத்தான் அவர்கள் வரைந்திருக்கிறார்கள் என்பதால். இதில் எந்த இடத்தை முதலில் வரைந்தீர்கள், எது கடினமாக இருந்தது, எப்போது போதும் என்று நிறுத்தினீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். செய்முறை பற்றிய கேள்விக்கு மனம் திறந்து பேசாத கலைஞரைக் காண்பது அரிது. விடுமுறையில் பொழுதுபோக்காகச் செய்கிறீர்களா என்ற கேள்வியைத் தவிர்த்துவிடுங்கள். பகலில் வேறு வேலை பார்த்துக்கொண்டு இரவில் வரைபவரும் முழு மனத்தோடுதான் வரைகிறார்.

கலைஞர்கள் குடியிருக்கும் வளாகமாக இருந்தால், எது கூடம், எது வீடு என்பதைக் கேட்டறிந்து நடங்கள். திறந்திருக்கும் கதவெல்லாம் அழைப்பாகாது.

குழந்தைகளை அழைத்து வரலாமா? அவர்கள் செய்து பார்க்க ஏதேனும் உண்டா?

அழைத்து வாருங்கள். கையைப் பிடித்துக்கொள்ளுங்கள், பேசாதே என்று அடக்காதீர்கள். பயிற்சிப் பட்டறை நடக்கும் நாளாகப் பார்த்து வந்தால் இன்னும் சிறப்பு. கடலோரக் கூடங்களில் மிகவும் பொருந்திவரும் பயிற்சி நீல அச்சு, அதாவது சயனோடைப். ஆங்கிலேய அறிவியலாளர் ஜான் ஹெர்ஷல் 1842இல் கண்டறிந்த முறை இது. மறு ஆண்டே அன்னா அட்கின்ஸ் என்னும் தாவரவியல் ஆர்வலர், கடற்பாசிகளைத் தாளின்மேல் வைத்து வெயிலில் பதித்து ஒரு நூலை வெளியிடத் தொடங்கினார். ஒளிப்படங்களைக் கொண்டு வெளிவந்த முதல் நூலாக அது கருதப்படுகிறது. ஆக, இந்தக் கலைக்கும் கடற்கரைக்கும் உள்ள உறவு அதன் தொடக்கத்திலிருந்தே வருவது.

செய்முறை குழந்தைகளுக்கும் எளிது. இரும்பு உப்புகள் இரண்டைக் கலந்து பூசி இருட்டில் உலர்த்திய தாள் வெளிறிய மஞ்சட்பச்சையாக இருக்கும். அதன்மேல் பாசியைப் பரப்பி, கண்ணாடியால் அழுத்தி வெயிலில் வைத்தால், சில நிமிடங்களில் திறந்த பகுதி சாம்பல் கலந்த பழுப்பாக மாறும். பாசியை எடுத்துவிட்டுத் தாளை நீரில் அலசும்போது மஞ்சட்பச்சை கரைந்தோட, பாசி இருந்த இடம் வெண்மையாகவும் மற்ற இடம் நீலமாகவும் தெளியும். உலர உலர நீலம் ஆழ்ந்துகொண்டே போகும். அந்த முதல் அலசலின்போது குழந்தைகளின் முகத்தைப் பார்ப்பதற்காகவே பட்டறை நடத்துபவர்கள் இருக்கிறார்கள் என்றால் அது மிகையில்லை. கையுறையையும் மேலங்கியையும் கூடத்தினர் தருவார்கள். தந்தால் மறுக்காமல் அணியச் செய்யுங்கள். கரை ஒதுங்கிய பாசியை மட்டும் எடுங்கள். பாறையில் உயிரோடு ஒட்டியிருப்பதைப் பறிக்கக் கூடாது. சில கடற்கரைகளில் சங்கு, பவளம் ஆகியவற்றை எடுப்பதே சட்டப்படி குற்றம்.

சக்கர நாற்காலியில் வருபவர்களும் முதியவர்களும் வர இயலுமா?

பழைய கிடங்குகளில் உயர்ந்த வாசற்படியும் செங்குத்தான மரப்படியும் இருப்பது வழக்கம். முன்கூட்டியே கேளுங்கள், தற்காலிகச் சரிவுப்பலகை வைப்பார்கள், அல்லது மாடியில் உள்ளவற்றைக் கீழே இறக்கிக் காட்டுவார்கள். உட்கார்ந்து பார்க்க நாற்காலி கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

ஒரு படைப்பை வாங்க விரும்புகிறேன். என்ன தெரிந்திருக்க வேண்டும்?

பெயரட்டையின் அருகே சிவப்புப் புள்ளி இருந்தால் விற்றுவிட்டது என்று பொருள். பாதிப் புள்ளியோ வேறு நிறப் புள்ளியோ ஒருவர் கேட்டு வைத்திருக்கிறார் என்பதைக் குறிக்கலாம். விற்ற படைப்பும் கண்காட்சி முடியும்வரை சுவரிலேயே இருக்கும்; அதன்பின்தான் பெற்றுக்கொள்ள முடியும்.

அச்சோவியத்தின் கீழ் ஓரத்தில் பென்சிலால் 7/30 என்பதுபோல் எழுதியிருக்கும். மொத்தம் 30 படிகள் எடுக்கப்பட்டன, இது அவற்றில் 7ஆவது என்று அதற்குப் பொருள். முதல் படி உயர்ந்தது, கடைசிப் படி தாழ்ந்தது என்று எண்ண வேண்டியதில்லை. கவனிக்க வேண்டியது வேறு: கலைஞர் தம் கையால் கட்டையிலோ தகட்டிலோ செய்து எடுத்த அச்சா, ஓர் ஓவியத்தைக் கணினியில் நகலெடுத்த அச்சா? இரண்டையும் விற்கலாம், எது எது என்று வாங்குபவருக்குத் தெரிய வேண்டும். தயங்காமல் கேளுங்கள்.

பேரம் பேசலாமா என்று பலர் கேட்கிறார்கள். விற்பனைக் கூடங்கள் விலையில் பாதிவரை எடுத்துக்கொள்வது உலகெங்கும் உள்ள வழக்கம். சமூகக் கலைக்கூடம் பொதுவாக அதைவிடக் குறைவாகவே எடுத்து, அதையும் வாடகைக்கும் வெள்ளையடிப்புக்கும் செலவிடுகிறது. மிஞ்சுவதுதான் கலைஞருக்கு. விலை உங்கள் கைக்கு எட்டவில்லையென்றால், அதே கலைஞரின் சிறிய படைப்பு இருக்கிறதா என்றோ, தவணையில் கட்டலாமா என்றோ கேளுங்கள். விலையைக் குறைக்கச் சொல்வதைவிட இது இருவருக்கும் மரியாதையானது. வாங்கியபின் படைப்பு உங்களுடையது. அதை அட்டையாகவோ சட்டையிலோ அச்சிடும் உரிமை பெரும்பாலான நாடுகளில் கலைஞரிடமே இருக்கும்.

என் படைப்பையும் அங்கே காட்சிக்கு வைக்க முடியுமா?

முடியும், ஆனால் கண்காட்சித் திறப்பு நாளன்று படங்களைக் கையோடு எடுத்துக்கொண்டு போகாதீர்கள். அன்று வேறொருவருக்கு உரிய நாள். பல இடங்களில் ஆண்டுக்கு ஒருமுறை எவரும் பங்குபெறத்தக்க பொதுக் கண்காட்சி நடக்கும்; அதற்கான அறிவிப்பைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு முன் இரண்டு மூன்று நிகழ்ச்சிகளுக்காவது பார்வையாளராகப் போய்வருவது, எந்தச் சுவரில் எது பொருந்தும் என்பதையும் உங்களுக்குக் கற்றுத்தரும்.

எதையும் வாங்காமல் கலைக்கூடத்துக்கு உதவ முடியுமா?

வருகைப் பதிவேட்டில் எழுதுங்கள். நிதியுதவி கோரும்போது எத்தனை பேர் வந்தார்கள், எங்கிருந்து வந்தார்கள், என்ன சொன்னார்கள் என்பதற்கு அந்தப் பதிவேடே சான்று. "அருமை" என்று மட்டும் எழுதுவதைவிட, எந்தப் படைப்பின் முன் நின்றீர்கள் என்பதை எழுதினால், அந்தக் கலைஞர் மாலையில் வந்து அதைப் படிப்பார். கணக்கு எழுதவோ, மின்விளக்கு மாட்டவோ, அட்டைப் பெட்டி செய்யவோ தெரிந்தவர்களின் அரைநாள் உழைப்புக்கும் அங்கே எப்போதும் தேவை உண்டு.

வாங்கிய படத்தை ஊருக்கு எப்படி எடுத்துச் செல்வது?

குமிழித்தாளை நேரடியாக ஓவியத்தின் முகத்தில் சுற்றாதீர்கள். அக்ரிலிக் வண்ணம் வெப்பத்தில் இளகும். குமிழிகள் வட்ட வட்டமாகப் பதிந்துவிடும். முதலில் கிளாசின் எனப்படும் வழுவழுப்பான மெல்லிய தாள், அதன்மேல் அட்டை, அதற்கும் மேலேதான் குமிழித்தாள். கண்ணாடியிட்ட படமாக இருந்தால் கண்ணாடியின்மேல் காகித ஒட்டுநாடாவைக் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டச் சொல்லுங்கள். வழியில் உடைந்தாலும் சில்லுகள் தாளைக் கீறா. வெயிலில் நிறுத்திய காருக்குள் விட்டுச் செல்ல வேண்டாம். சட்டகமிட்ட படத்தைப் படுக்க வைக்காமல், இரண்டு இருக்கைகளுக்கு இடையே நிற்க வைத்துக் கொண்டு செல்லுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் உடனே பிரித்து, காற்றோட்டமான அறையில் ஒரு நாள் வைத்துவிட்டு மாட்டுங்கள். குளியலறைச் சுவரின் மறுபக்கமும், வெயில் நேராக விழும் சுவரும், அடுப்பங்கரையும் வேண்டாம். ஆறு மாதத்திற்கு ஒருமுறை படத்தை இறக்கிப் பின்புறத்தைப் பாருங்கள்; ஓதமோ பூஞ்சையோ தென்பட்டால் நீங்களே துடைக்க முயலாமல், படம் எடுத்து அந்தக் கலைக்கூடத்துக்கு அனுப்பிக் கேளுங்கள். ஈரத்தோடு போராடிப் பழகிய அவர்களுக்கு அது கைவந்த வேலை.